மறைவு: 15.09

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளை படம் வருகிறது. வல்லன்குளத்தில் இன்று ஒருவரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. எங்கள் கடைக்கு மட்டும் பதினொரு ஃப்ளெக்ஸ் ஆர்டர். எல்லாவற்றிலும் கதாநாயகன் நடுவில், ஆர்டர் கொடுத்த பையன்கள் சுற்றிலும், அத்தனை பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. "அக்கா, என் மொகத்த இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்று பின்னால் நின்று உயிரை வாங்கினார்கள். பிறந்தநாள், கல்யாணம், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஆறு வருஷமாக இந்த ஊர் முகங்களை வெள்ளையாக்குவதுதான் என் பிழைப்பு.

ஜனவரி முழுக்க இங்கேதான் படம் பிடித்தார்கள். டைரக்டர் வாலிபால் மைதானத்தில் பையன்களோடு தரையில் உட்கார்ந்து டீ குடித்தார். என்ன படிக்கிறீர்கள், என்ன வேலைக்குப் போக ஆசை என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். என் தம்பி மாசானம் அவரிடம் இரண்டு மணி நேரம் பேசினான். போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியது, தினமும் குளத்தங்கரையில் ஓடுவது, அப்பா போன பிறகு அம்மா பீடி சுற்றி எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியது, எல்லாம். "உங்க கதையத்தான் தம்பி எடுக்கப் போறேன்" என்றாராம். எட்டு மாதமாக அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துவிட்டது.

எழுத்துத் தேர்வில் அவன் பாஸ். செப்டம்பர் 18 உடல் தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். இவன் ஐந்தரையில் ஓடுகிறான்.

எனக்குச் சினிமாமேல் பெரிய மதிப்பு கிடையாது. ஆனாலும் நாளை போகிறேன். எனக்கும் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

படத்தின் பெயரைக்கூட எழுத மனமில்லை.

எங்கள் ஊர்ப் பையன்கள் அதில் பல் தேய்க்கும் முன்பே அரிவாள் தீட்டுகிறார்கள். ஒருவனுக்கும் வேலை இல்லை, பரீட்சை இல்லை, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இல்லை. பெண்களுக்கு ஒப்பாரி வைக்கிற வேலை மட்டும். போலீஸ் வேலைக்குப் படிக்கிற பையன் ஒருவன் வந்தான். மாசானம் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்தான். பத்தாவது நிமிடத்தில் அந்தப் பையனை வெட்டிக் குளத்தில் போட்டுவிட்டார்கள். கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போன மனுஷனுக்கு எங்கள் பிள்ளைகளிடம் கிடைத்தது இவ்வளவுதானா?

கதாநாயகன் பதிலுக்கு எதிர்க் கோஷ்டித் தலைவனின் தம்பியை இருட்டில் கொல்கிறான். செத்தவன் முகம் தெரியாது. அடுத்த காட்சியில் தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். கதாநாயகன் ஒன்றின் முன்னால் வந்து நிற்கிறான். ஃப்ளெக்ஸில் இருக்கிற முகத்தை அரிவாளால் குறுக்கே கிழிக்கிறான். பின்னால் பாட்டு. மொத்தம் நான்கு விநாடி.

அது மாசானத்தின் முகம்.

தியேட்டரே விசிலடித்தது. முன் வரிசைப் பையன்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும், "எக்கா, என் போட்டோ எப்படி அங்க போச்சு?" என்றான். "யாருக்குல தெரியும், சினிமாக்காரனுவ எங்கருந்து எடுத்தானுவளோ" என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. மாசானம் ஓடப் போகவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

நாங்கள் சொல்லாவிட்டால் ஊர் சொல்லாதா? பீடிக் கடையில் இலை வாங்கப் போன இடத்தில் எவளோ அந்தக் காட்சியை ஃபோனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். மாசானத்தின் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு மால போட்டு வச்சிருக்கானுவளே! எந்தக் கை இதச் செஞ்சுதோ அந்தக் கை புழுத்துப் போவும், பாரு."

"சினிமாதானம்மா, விடு" என்றான் மாசானம். நான் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய் மறுபடியும் கழுவினேன்.

கதாநாயகன் வீடு என்று படத்தில் காட்டுவது பக்கத்து ஊரான கீழப்புதூரில் எடுத்தது. அதனால் புதூர்ப் பையன்களுக்குக் கதாநாயகன் சொந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான், என் தம்பி எதிர்க் கோஷ்டியில் செத்தவன் ஆகிவிட்டான். கோயில் கொடை விழா வாலிபால் மேட்ச்சில் சட்டையைப் பிடித்துக்கொண்டதைத் தவிர இரண்டு ஊருக்கும் பகை என்று ஒன்று கிடையாது. இப்போது பஸ்ஸில் மாசானத்தைப் பார்த்து, "என்னல, நீ செத்துட்டியாமே?" என்கிறார்கள். முதல் நாள் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். நேற்றுத் தோளில் இடித்துவிட்டுக் கேட்டார்களாம்.

ஆகஸ்ட் 28, புதன்

படத்தில் ஆர்ட் டிபார்ட்மெண்டில் இருந்த ரூபனை ஃபோனில் பிடித்தேன். ஜனவரியில் ஃப்ளெக்ஸ் ஆர்டர் எல்லாம் கொண்டுவந்தவன் அவன்தான். தம்பி முகத்தை மட்டும் மறைத்துவிடச் சொல்லி டைரக்டரிடம் கேட்கச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"சார் சக்சஸ் மீட்ல இருக்காருக்கா. ஓடிடில வர்றப்ப பாக்கலாம்" என்றான். பிறகு இன்னொன்றும் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

தியேட்டரில் ஃபோனில் எடுத்த அந்த நான்கு விநாடியை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸில் முகத்துக்குக் கீழே எழுத்தும் தெரிகிறது. தோற்றம்: 02.03. அது மாசானம் பிறந்த தேதியேதான். மறைவு: 15.09. இந்த வருஷம்.

புதூர்ப் பையன்கள் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் இன்று அதுதான். கிழிந்த முகம், அந்தப் பாட்டு, மேலே "இன்னும் 14 நாள்".

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். மாசானம் ஒரேயடியாக மறுத்துவிட்டான். "நல்லதோ கெட்டதோ, ஸ்டேஷன்ல ஒரு பேப்பர்ல என் பேரு ஏறுச்சுன்னா வெரிஃபிகேஷன்ல நிக்கும்க்கா. பதினெட்டு வரைக்கும் நான் யாருட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. எவன் அடிச்சாலும் வாங்கிக்கிட்டு வந்துரணும்."

அவன் சொல்வது நியாயம்தான். ஒரு கைகலப்பு, ஒரு வழக்கு, அவ்வளவுதான். மூன்று வருஷம் ஓடியது வீண். பதினெட்டாம் தேதிவரை இந்தப் பிள்ளையை யாராவது ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் தந்தால் போதும் என்றிருக்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

"இன்னும் 12 நாள்."

கடை முதலாளி பொன்னையா அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"ஏட்டி சண்முகக்கனி, அந்தக் கண்ணீர் அஞ்சலி ஃபைல் நம்ம மிஷின்லயா இருக்கு?"

"இருக்கும் அண்ணாச்சி."

"அழிச்சிரு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா கடைக்குப் போலீஸ் வந்து நிக்கும். யாரும் கேட்டா, பிரிண்ட் மட்டுந்தான் இங்க, டிசைன் அவங்க கொண்டுவந்ததுன்னு சொல்லு."

அழித்தேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன். பிறகு ஒரு காதுகுத்து விழாவுக்கு மாமன்மார் பெயர் முப்பத்தேழையும் தட்டச்சு செய்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று காலை மாசானம் என்னைக் கேட்டான். பல்துலக்கிக்கொண்டே யோசித்திருக்கிறான் போல, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வந்து நின்றான்.

"எக்கா, அது போன வருஷம் என் பொறந்தநாளுக்கு லிங்கதொர அடிச்ச ஃப்ளெக்ஸ்ல இருந்த போட்டோ. அந்த நீலச் சட்ட. அது மூணு எடத்துலதான் இருக்கு. என் ஃபோன்ல, லிங்கதொர ஃபோன்ல, ஒன் கடையில."

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒன் கடையிலருந்து போயிருக்குமாக்கா?"

"எங்க கடையிலருந்து எப்படில போவும்? நாந்தான அங்க இருக்கேன்" என்றேன்.

"அப்ப லிங்கதொரதான்" என்றான்.

லிங்கதுரை இவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இப்போது கீழப்புதூரில் செல்ஃபோன் கடையில் வேலை பார்க்கிறான். புதூர்ப் பையன்கள் மாலையில் அந்தக் கடை வாசலில்தான் நிற்பார்கள்.

"சேச்சே, அவன் அப்படிச் செய்ய மாட்டாம்ல" என்றேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

லிங்கதுரை கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் வாடிக் கிடந்தது.

"அக்கா, மாசானம் என் ஃபோன எடுக்க மாட்டேங்கான். பிளாக் பண்ணிட்டான். நான் என்ன பண்ணுனேன்? அந்தப் பயலுவள்ட்ட ஸ்டேட்டஸ எடுங்கலன்னு தெனமும் சண்ட போடுதேன். நாலு பேரு எடுத்துட்டானுவ. மத்தவனுவளும் வெளையாட்டுக்குத்தான் போடுதானுவ, அவனுவளுக்கு ப்ளஸ் டூ பரீட்சைக்கே பயம். நீங்க சொல்லுங்கக்கா அவன்ட்ட."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாசானம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அவன் ஓடி இரண்டு வாரம் ஆகிறது. "லிங்கதொரயப் பாத்தேன்" என்று தொடங்கினேன். "அவன் பேரச் சொல்லாத" என்றான்.

அம்மா அவனுக்காக வெள்ளி செவ்வாய் விரதம் இருக்கிறாள். எலும்பும் தோலுமாக இருப்பவளுக்கு விரதம் ஒரு கேடு.

செப்டம்பர் 10, செவ்வாய்

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன்.

ஜனவரியில் ரூபன் பன்னிரண்டு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொண்டுவந்தான். செத்தவனாக நடிப்பவரின் படம் வரவில்லை. படம் வராவிட்டால் பழைய ஃபைலிலிருந்து ஏதாவது ஒரு முகத்தை வைத்து டிசைனை முடித்துவிட்டு, வந்ததும் மாற்றுவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் மாசானத்தின் பிறந்தநாள் ஃபைலை எடுத்தேன். முகத்தோடு பிறந்த தேதியும் வந்துவிட்டது. மறைவு என்ற இடத்தைக் காலியாக விட முடியாதே, செப்டம்பர் போடுங்கள் என்று ரூபன் சொன்னான், பதினைந்து என்று நான் போட்டேன்.

இதுவரை வழக்கம். இனிமேல்தான் நான்.

அரை மணி நேரத்தில் நடிகரின் படம் வந்துவிட்டது. மாற்ற நேரம் இருந்தது. நான் மாற்றவில்லை. "இந்த மொகமே நல்லாருக்கு, இதையே வச்சிக்கிடுங்க" என்றேன். ரூபன் யோசித்தான். "செத்தவன் மொகம்தான் படத்துல தெரியாதே, சரிக்கா" என்றான். "ஹீரோ நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஒண்ணத் தொங்கவிடுவீங்களா? தெளிவாத் தெரியுமா?" என்றும் கேட்டேன். அன்று ஃபோனில் ரூபன் சொன்னது அதைத்தான். "நீங்கதானக்கா பக்கத்துல வைக்கச் சொன்னீங்க?"

என் தம்பியைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டேன். படம் வந்ததும் கையைத் தட்டிச் சொல்லலாம் என்று எட்டு மாதம் ரகசியமாக வைத்திருந்தேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இப்படிச் செய்யலாமா என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. ஆறு வருஷமாகப் போட்டுப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி எனக்கு ஒரு டிசைனாகப் போய்விட்டது. கறுப்புப் பார்டர், இரண்டு விளக்கு, ஒரு முகம். சினிமாவிலும் அப்படித்தானே வைப்பார்கள், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். கவனிக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

நாளை காலை மாசானத்தைச் சிவகாசிக்கு மாமா வீட்டுக்கு அனுப்புகிறோம். பதினேழாம் தேதி அங்கிருந்தே நேராகத் தேர்வுக்குப் போய்விடுவான். அம்மா அவன் ஷூவைத் துடைத்து வைத்தாள். இன்று நான் அவனிடம் சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்வரை வந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. "வேல கெடைச்சு மொத சம்பளத்துல ஒனக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேன் வாங்கித் தாரேன், ஒன் கடையில வேகுதுல்லா" என்றான். இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தேர்வு முடியட்டும், பதினெட்டாம் தேதி மாலை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் லிங்கதுரைக்கு மட்டும் ஏதாவது செய்யத் தோன்றியது. அவனை ஃபோனில் அழைத்து, "மாசானம் சிவகாசிக்குப் போறாம்ல, நீ வேற நம்பர்லருந்து போட்டு அவன்ட்டப் பேசு, சமாதானம் ஆயிரும்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 14, சனி

மாசானம் சிவகாசி போய்ச் சேரவில்லை.

நேற்று அவன் பஸ்ஸில் இருக்கும்போதே லிங்கதுரை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறான். எடுத்ததும் முதல் வார்த்தை, "ஏல, சிவகாசிக்காப் போற?" என்பதுதான். வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மாசானம் ஃபோனை அணைத்திருக்கிறான். போகிற இடமும் தெரிந்துவிட்டது, புதூர்ப் பையன்கள் அங்கேயும் வருவார்கள் என்று பயந்திருக்கிறான். பாதி வழியில் இறங்கியிருக்கிறான். இரவு எங்கே கிடந்தானோ. இன்று காலை பதினொரு மணிக்குக் கீழப்புதூர் செல்ஃபோன் கடைக்கு அரிவாளோடு போயிருக்கிறான்.

லிங்கதுரை கையைத் தூக்கித் தடுத்தான். வெட்டு வலது கையில்.

கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அந்தப் படத்துக்கு ரீல்ஸ் எடுக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். ரத்தத்தைப் பார்த்த பிறகும் ஒருவன், "சூப்பர்ல" என்று சொல்வது அதில் கேட்கிறது.

மாசானம் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தானாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேதி வந்துவிட்டது. என் தம்பி உயிரோடு இருக்கிறான், லாக்கப்பில்.

செப்டம்பர் 17, செவ்வாய்

டிவியில் எங்கள் ஊர். செல்ஃபோன் கடை, ரத்தம், பிறகு அந்த நான்கு விநாடி, மறுபடியும் ரத்தம். டைரக்டர் கறுப்புச் சட்டையில் வந்தார். "இந்த மண்ணோட நிஜத்தத்தான் நான் காட்டினேன். மிகைன்னு சொன்னவங்க இப்ப என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். தியேட்டரில் நாளை முதல் ஒரு காட்சி கூடுதல். அதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்க அண்ணாச்சி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை.

நிஜமாம். அவர் வருவதற்கு முன்னால் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே சைக்கிளில் டியூஷனுக்குப் போனவர்கள். அதை நோட்டில் எழுதிக்கொண்டுதான் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிங்கதுரையின் அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காதாம். செல்ஃபோன் பழுது பார்க்கிற கை.

"அக்கா, அந்தப் போட்டோவ நான் குடுக்கல. சத்தியமாக் குடுக்கல. நீங்க பாக்கப் போனா அவன்ட்ட அத மட்டும் சொல்லிருங்க" என்றான்.

"சொல்லுதேன்" என்றேன். அவனிடம் உண்மையைச் சொல்லும் துணிச்சல்கூட எனக்கு வரவில்லை.

செப்டம்பர் 18, புதன்

உடல் தகுதித் தேர்வு நடந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் ஓடினார்கள்.

செப்டம்பர் 21, சனி

நானும் அம்மாவும் சிறைக்குப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அப்படிக் கத்தினால்தான் கேட்கும். மாசானம் மெலிந்திருந்தான். அம்மா சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கத்தினாள். அவன் தலையாட்டினான்.

நான் வலையில் முகத்தை வைத்துச் சொன்னேன். முதல் தடவை மெதுவாகத்தான் சொன்னேன்.

"என்னக்கா? கேக்கல. சத்தமாச் சொல்லு."

"அந்தப் போட்டோவப் போட்டது நாந்தாம்ல! லிங்கதொர இல்ல! நாந்தான் எடுத்துக் குடுத்தேன், நாந்தான் பக்கத்துல மாட்டச் சொன்னேன்! நீ கேட்டப்ப பொய் சொன்னேன்! நீ சிவகாசி போறத அவன்ட்டச் சொன்னதும் நாந்தான்!"

பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாள் ஒரு நோட்டுக்குள் எழுதி மூடி வைத்திருந்ததை நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. அவன் என்னைத் திட்ட வேண்டும், வலைமேல் அடிக்க வேண்டும் என்று காத்து நின்றேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டப் போறப்ப அவன் கையத் தூக்கிக்கிட்டு, 'நான் இல்லல, நான் இல்லல'ன்னு அழுதான்க்கா" என்றான். "நடிக்கான்னு நெனச்சிட்டேன்."